பயறுக்கு வால் முளைத்த கதை

ஆமாங்குளம் என்று ஒரு ஊர். குளத்தில் ஆமை கிடந்ததால் அந்தப் பேர் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். நாங்கள் கண்மாய்க்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். யார் எதைச் சொன்னாலும் ‘ஆமாம்’ போடுகிற ஊர், அதனால்தான் ஆமாங்குளம் என்பது எங்கள் கட்சி. எது நிஜம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அவர்கள் மேல் ஒரு வருத்தமும் கிடையாது.

அந்த ஊர் ஒருநாள் கறி தின்பதை விட்டுவிட்டது. ஏன் விட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மிச்சத்தையெல்லாம் நான் இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள்.

வருஷா வருஷம் அங்கே கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவார்கள். வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சம்மதம் கேட்பது வழக்கம். கிடா உடம்பைச் சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். இந்த வழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு, அதில் தப்பு சொல்ல மாட்டேன்.

அந்த வருஷத்துக் கிடா செவந்தியுடையது. செவந்திக்குப் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகுட்டி இல்லை. தாய் செத்துப்போன ஆட்டுக்குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். வீட்டில் உட்கார்ந்து தின்கிற ஆண் அது ஒன்றுதான் என்பதால் மாப்பிள்ளை என்று பேர் வைத்தாள். காய்ச்சலில் புலம்பியபோது வாய் தவறி அதைச் சாமிக்கு நேர்ந்துவிட்டாள். காய்ச்சல் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

திருவிழாவில் பூசாரி இருளாண்டி தண்ணீர் தெளித்தார். செவந்தி தோளில் கிடந்த துண்டை எடுத்து மாப்பிள்ளையைத் துடைத்துவிட்டாள். சளி பிடித்துக்கொள்ளுமே என்ற கவலை அவளுக்கு. இருளாண்டி மறுபடி தெளித்தார், இவள் மறுபடி துடைத்தாள். குடம் குடமாக ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரமே இல்லாத ஆடு எதற்குச் சிலுப்பப் போகிறது? கடைசியில் மாப்பிள்ளை படுத்துத் தூங்கிவிட்டது.

இத்தனை சனம் நின்றதே, துண்டுதான் காரணம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செவந்திக்கே தோன்றவில்லை.

ஊர்த்தலைவர் சங்கையா மீசையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

“கிடா சம்மதம் தரலை. அப்படின்னா சாமி வேண்டாங்குது. சாமி கறியை விட்டுட்ட பிறகு நாம எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திங்கிறது?” என்றார்.

“ஆமாம்” என்றது ஊர்.

“முட்டை?” என்று கேட்டார் டீக்கடை மொக்கைச்சாமி. அவர் கடையில் ஆம்லெட்டும் உண்டு.

முட்டையைக் கொண்டுவந்து வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். முட்டை சிலுப்பவில்லை. முட்டையும் போயிற்று. அடுத்தது பால். பாலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், அதுவும் சிலுப்பவில்லை. “இதைத்தான் நான் தினமும் செஞ்சு பாக்கிறேன், ஒருநாளும் சிலுப்பினதில்லை” என்றார் மொக்கைச்சாமி. அன்றிலிருந்து அவர் கடையில் வரட்டீதான்.

“அப்போ கீரை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, அதையும் கேக்கணும்ல” என்றார் இருளாண்டி. பாத்தியில் தண்ணீர் தெளித்தார்கள். காற்றடித்துக்கொண்டிருந்தது. கீரை நன்றாகத் தலையாட்டியது. “பாருங்கய்யா, எவ்வளவு நல்ல மனசு” என்று சங்கையா கண்கலங்கிவிட்டார். செடி கொடியெல்லாம் சம்மதம் சொல்லிவிட்டதாக முடிவாயிற்று.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. செடி கொடி சம்மதித்ததே தவிர, அதை எப்படிச் சமைப்பது, எதோடு தின்பது என்று யாருக்கும் ஒரு யோசனையும் இல்லை. மூன்று வேளையும் சோறு, ஊறுகாய், வரட்டீ. கொஞ்ச நாளில் ஊரே வெளுத்துப்போயிற்று. வீட்டிலிருந்து கோயிலுக்குப் போவதற்குள் நடுவில் இரண்டு தரம் உட்கார்ந்தார்கள். ஏன்டா உட்காருகிறாய் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடத் தெம்பில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஜெசிந்தா வந்தாள். நல்ல பெண். வேலையில் கெட்டிக்காரி. ஒரே ஒரு குறை, எப்போதும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். எல்லார் கண்ணிமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, “என்னய்யா இது, ஊர்ல ஒருத்தருக்கும் ரத்தமே இல்ல?” என்றாள்.

கறியை விட்ட கதையைச் சொன்னார்கள்.

“விடுங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. செடியில விளையறதை வெச்சே நல்லா இருக்கலாம். ஆனா முறையாச் சாப்பிடணும். நல்லாக் கேட்டுக்கங்க. பயறை முளைகட்டிச் சாப்பிடுங்க. தட்டுல பாதி காய்கறி இருக்கணும். கீரையோட எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கங்க. சோத்தோட சேத்து டீ குடிக்காதீங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி...” அந்த இடத்தில் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தொலைத்தான். “...கட்டாயம் இருக்கணும். ஒரு சத்து மட்டும் செடியில கிடைக்காது, அதுக்கு மாத்திரை தர்றேன், மறக்காமப் போடுங்க.”

மாத்திரைப் பையை மொக்கைச்சாமி கையில் திணித்துவிட்டுப் படியேறினாள். ஏறியவள் திரும்பி, “அடுத்த மாசம் வந்து ரத்தம் பாப்பேன். ஏறலைன்னா மரியாதையாக் கறியத் தின்னுதான் ஆகணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆமாங்குளத்தில் விளையாட்டாக எதுவும் சொல்லக்கூடாது.

சங்கையா ஊரைச் சுற்றிப் பார்த்தார். கோழிகளையெல்லாம் எப்போதோ விற்றாகிவிட்டது. கறி என்று சொல்லிக்கொள்ள ஊரில் மிச்சம் இருந்தது மாப்பிள்ளை ஒன்றுதான். எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அது செவந்தியின் முந்தானையை மென்றுகொண்டிருந்தது.

செவந்தி மாப்பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். “அண்ணே, நர்சம்மா சொன்னதுல ஒரு எழுத்து பிசகாமச் செய்வோம்ணே. ரத்தம் ஏறிருச்சுன்னா இவனை விட்டுருவீங்கல்ல?” என்று கேட்டாள்.

“ஒரு எழுத்து பிசகக்கூடாது, தாயி” என்றார் சங்கையா. அங்கேதான் பிடித்தது சனி.

முதலில் மணி. சோற்றுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி இருக்க வேண்டும். ஊரில் இருந்ததோ இரண்டே மணி. கோயில் மணியை இறக்க எவனுக்கும் தெம்பில்லை. இன்னொன்று மாப்பிள்ளையின் கழுத்தில் தொங்கியது. நேர்த்திக்கடன் முடிகிறவரை அதைக் கழற்றக்கூடாது என்று இருளாண்டி சொல்லிவிட்டார்.

“அப்போ மணியைக் கழுத்தோடயே வெச்சுக்குவோம்” என்றார் மொக்கைச்சாமி. பெரிய மூளை அவருக்கு.

ஊர் நடுவில் இருக்கிற மந்தைப் பொட்டலில் ஊர் முழுவதும் ஒரே பந்தியாக உட்கார்ந்தது. இந்தப் பக்கம் சோற்றுத் தட்டுகள், அந்தப் பக்கம் டீ கிளாஸுகள், நடுவில் மணியோடு மாப்பிள்ளை. சோற்றை ஒரு வாய், டீயை ஒரு மடக்கு. நடுவில் மணி இருக்கிறது, ஆகவே குற்றமில்லை. மாப்பிள்ளைக்கோ இரண்டு பக்கமும் வாய் எட்டியது.

அடுத்தது காய்கறி. தட்டில் பாதிக் காய்கறி இருக்க வேண்டும். ஆளுக்கொரு பாதிப் பூசணியும் பாதிச் சுரைக்காயும் வெட்டித் தட்டில் வைத்தார்கள். பச்சையாகத்தான்.

“இதைத் திங்கணுமா தலைவரே?” என்று கேட்டார் இருளாண்டி.

“இருக்கணும்னுதான் சொன்னாங்க. திங்கணும்னு சொல்லலை.”

“ஆமாம்” என்றது ஊர். சோற்றைத் தின்றுவிட்டுக் காயை எடுத்துப் பத்திரமாகக் கூடையில் வைத்தார்கள், மறுநாள் தட்டில் இருக்க வேண்டுமே. எடுத்துவைக்க நேரமாகிற தட்டுகளை மாப்பிள்ளை கவனித்துக்கொண்டது.

கீரையிலும் இதே கூத்து. கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும் என்றாளே, இவர்கள் ஒரு கையில் கீரைக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தரையில் பழத்தைப் பிழிந்தார்கள். பிழிந்தாயிற்று, கையில் கீரையும் இருந்தது, சொன்னது சொன்னபடி முடிந்தது. கீரைக்கட்டைக் கீழே வைத்தால் அது எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

மாத்திரைக்கு மட்டும் கொஞ்சம் தகராறு வந்தது. போடு என்று சொல்லியிருக்கிறாள், எங்கே போடுவது என்று சொல்லவில்லை. கிணற்றில் போடலாம் என்றார் இருளாண்டி. கிணறு ஆழம், போட்டதா இல்லையா என்று பிறகு தெரியாது என்றார் மொக்கைச்சாமி. கடைசியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு இடத்தில் போடுவதென்று முடிவு செய்து, மாப்பிள்ளையின் கழுநீர்த் தொட்டியில் தினமும் வரிசையில் நின்று போட்டார்கள். ஒருத்தர்கூட மறக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்லவே முடியாது.

பெரிய வேலை பயறுதான். பயறை முளைகட்ட வேண்டும். வேப்பங்கொப்பை வெட்டி, சீவி, மாடு கட்டுகிற மாதிரி மந்தை முழுக்க முளை அடித்தார்கள். பாதிப் பேருக்குச் சுத்தியலைத் தூக்கவே மூச்சு வாங்கியது. பாசிப்பயறைக் கொண்டுவந்து வைத்த பிறகு விவாதம் தொடங்கியது.

“ஒரு முளைக்கு எத்தனை பயறு கட்டலாம்?” என்றார் இருளாண்டி.

“மாடுன்னா ஒண்ணுதான்” என்றார் சங்கையா.

“பயறு மாடு மாதிரி முட்டாதே, அண்ணே. சேத்துக் கட்டினா என்ன?”

“கயிறு எங்க போடுறது? அதுக்குக் கழுத்து எந்தப் பக்கம்னே தெரியலையே” என்று மொக்கைச்சாமி ஒரு பயறை வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

செவந்திதான் வழி சொன்னாள். பயறைத் துணியில் மூட்டையாக முடிந்து முளைக்கு ஒரு மூட்டையாகக் கட்டினாள். கட்டியதோடு அவள் விடவில்லை. கட்டிப்போட்ட சீவனைத் தாகத்தில் விட்டால் பாவமில்லையா, காலையும் சாயங்காலமும் ஒவ்வொரு மூட்டைக்கும் தண்ணி காட்டினாள். மூட்டையோடு வாளியில் முக்கி எடுத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவர்களுக்குப் புரியவில்லை. சங்கையா ஒருநாள் காலையில் மூட்டையை அவிழ்த்தவர் அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“அடேய், பயறுக்கு வால் முளைச்சிருச்சுடா.”

ஊரே எட்டிப் பார்த்தது. ஆமாம், ஒவ்வொரு பயறுக்கும் வெள்ளையாக, சின்னதாக, வளைந்து ஒரு வால்.

“முளையில கட்டினோம், தண்ணி காட்டினோம். அது தன்னை மாடுன்னு நெனைச்சுக்கிருச்சு” என்றார் இருளாண்டி.

“வால் இருந்தா அது செடியில சேருமா, சீவன்ல சேருமா?” என்றார் மொக்கைச்சாமி.

“வால் உள்ள செடியை நீ எங்கயாவது பாத்திருக்கியா?” என்றார் சங்கையா. “இது சீவன். இதைத் தின்னா கறி தின்ன கணக்கு. எதுக்கும் கேட்டுப் பாருங்க.”

தண்ணீர் தெளித்துக் கேட்டார்கள். பயறு சிலுப்பவில்லை. தப்பித்தோம் என்று எல்லாரும் கும்பிட்டு, அவிழ்த்து விட்டார்கள். வால் முளைத்த பயறு அத்தனையும் ஓடாமல் அங்கேயே கிடந்தது. மாப்பிள்ளை வந்து நிதானமாகத் தின்றது. அது ஆடுதானே, அதற்கு நோன்பு கிடையாது.

ஒரு மாசம் இப்படியே போயிற்று. மனுஷர்கள் அரைத்த சந்தனம் மாதிரி வெளுத்தார்கள். மாப்பிள்ளையோ மினுமினுவென்று, கழுத்தில் மடிப்பு விழுந்து, நடந்தால் மண் அதிர்ந்தது. செவந்திக்கு அதைப் பார்க்கப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். “ரத்தம் ஏறுதா அண்ணே, ஏறுற மாதிரி இருக்கா?” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். அவர்கள் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜெசிந்தா சொன்னபடி வந்து சேர்ந்தாள். கல்பெஞ்சில் சாமான்களைப் பரப்ப ஒரு துணி கேட்டாள். செவந்தி தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தாள். விரல் விரலாகக் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்த ஜெசிந்தாவுக்குத் தலை சுற்றியது.

“போன மாசத்தை விட மோசமா இருக்கே. நான் சொன்னதையெல்லாம் செஞ்சீங்களா, இல்லையா?”

“ஒரு எழுத்து பிசகலை, சிஸ்டர்” என்றார் சங்கையா. செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஜெசிந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “ஐயா, அது வால் இல்லய்யா. அதுதான் முளை.”

“முளை அங்க இருக்கு, சிஸ்டர். வேப்பங்குச்சி” என்று மொக்கைச்சாமி மரியாதையாகக் கைகாட்டினார்.

அவள் வேப்பங்குச்சியைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். “நான் சொன்னதை முறையாச் சாப்பிட்டது இந்த ஊர்ல அது ஒண்ணுதான்” என்றாள்.

சங்கையாவுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. ரத்தம் ஏறவில்லை. ஏறாவிட்டால் கறி. சொன்னால் சொன்னதுதான். “செவந்தி, மனசைத் தேத்திக்க தாயி” என்றார். இருளாண்டி அரிவாளை எடுத்துவரப் போனார். ஜெசிந்தா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஊர் ‘ஆமாம், ஆமாம்’ என்றது.

செவந்தி மாப்பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். துண்டைத் தேடித் தோளைத் தடவினாள், அங்கே இல்லை. “தண்ணிய ஊத்தினா ஈரத்தோட நிக்குமே, சளி பிடிச்சிருமே” என்று அந்த நேரத்திலும் அதற்கே அழுதாள். கேட்கவே கஷ்டமாக இருந்தது என்று அங்கே பஸ்ஸை நிறுத்தியிருந்த டிரைவர் எங்களிடம் சொன்னார்.

மாப்பிள்ளை பெருத்திருந்ததால் இருளாண்டி சம்மதம் கேட்க ஒரு குடத்தையே கவிழ்த்தார். துடைக்க ஆளில்லை. மாப்பிள்ளை நான்கு காலையும் அகட்டி நின்று, ஒரு மாசத்துப் பூசணி, கீரை, பயறு, மாத்திரை எல்லாம் சேர்ந்த தெம்போடு ஒரு சிலுப்புச் சிலுப்பியது பாருங்கள், மணி கோயில் வரைக்கும் கேட்டதாம். மந்தையில் நின்ற அத்தனை பேர் மேலும் மழை மாதிரி தண்ணீர் தெறித்தது.

குளிர்ந்த தண்ணீர் திடீரென்று மேலே பட்டால் யாராயிருந்தாலும் என்ன செய்வார்கள்? சங்கையா சிலுப்பினார். இருளாண்டி சிலுப்பினார். மொக்கைச்சாமி சிலுப்பினார். ஊரே சிலுப்பியது. இரண்டு கையிலும் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களைப் பிடித்திருந்த ஜெசிந்தாவும் தலையைச் சிலுப்பினாள்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“தலைவரே” என்றார் இருளாண்டி மெதுவாக. “நாம எல்லாரும் சம்மதம் சொல்லிப்புட்டோம்.”

சங்கையா வெகுநேரம் யோசித்தார். “ஆமாம்” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அவர் பிரியமில்லாமல் சொன்னார்.

“சம்மதம் சொன்னவன் எப்படி வெட்டுறது? வெட்டுப்படத்தான் முடியும்” என்று இருளாண்டி அரிவாளைக் கீழே வைத்தார். சிலுப்பாமல் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததில் செவந்தி மட்டும்தான் சிலுப்ப மறந்திருந்தாள். அரிவாளை அவள் கையில் கொடுத்தார்கள்.

செவந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து நின்றாள். “சரி. யாரு முதல்ல?” என்று கேட்டாள்.

“மாப்பிள்ளைதான்” என்றார் மொக்கைச்சாமி அவசரமாக.

“அது எப்படிண்ணே? கோயில்ல எதுன்னாலும் தலைவருக்குத்தானே முதல் மரியாதை. ஆட்டுக்குக் கொடுத்தா நல்லா இருக்குமா? அது கடைசியில நிக்கட்டும்” என்றாள் செவந்தி.

ஊர் “ஆமாம்” என்றது. சங்கையாவுக்கு வேர்த்தது. ஆனாலும் தலைவர் தலைவர்தான், சமாளித்துக்கொண்டார். “நான் இருக்கேன் தாயி, எங்க போயிரப் போறேன். ஊருக்கு விருந்தாளி வந்திருக்கும்போது அவங்களை நிறுத்தி வெச்சுட்டு நான் முந்துறது முறையா?” என்று ஜெசிந்தாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். “நீங்க முதல்ல வாங்க, சிஸ்டர்.”

ஜெசிந்தா எப்போதும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரக்காரி என்று சொன்னேன் அல்லவா. அன்று பஸ் கிளம்பிப் போய்விட்டிருந்தது. அவள் ஓடிப் போய் அதைத் தாண்டினாள் என்று டிரைவர் சத்தியம் பண்ணுகிறார்.

அன்றிலிருந்து ஆமாங்குளத்தில் யாரையும் வெட்டவில்லை. முதல் மரியாதை ஜெசிந்தாவுக்கு. அவள் வந்து முடிந்த பிறகுதான் தலைவர், பிறகு பூசாரி, பிறகு ஊர், எல்லாருக்கும் கடைசியில் மாப்பிள்ளை. முறை மாறக்கூடாது. பஸ் வருகிற நேரமெல்லாம் சங்கையா மாலையோடு நின்று, அவள் இறங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, இறங்கவில்லை என்றதும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார். செவந்தி அந்த அரிவாளால் மாப்பிள்ளைக்குக் கீரை அரிந்து போடுகிறாள். இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம்.

போன வாரம் எனக்கு அந்தப் பக்கம் ஒரு சோலி. நல்ல மழை. பஸ்ஸை விட்டு இறங்கினவன் வழக்கம்போலத் தலையைச் சிலுப்பித் தண்ணீரை உதறினேன். நிமிர்ந்து பார்த்தால் சங்கையா மாலையோடு நிற்கிறார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, நீங்களுமா?” என்றார். பிறகு என் முகம் வாடியதைப் பார்த்துத் தோளில் தட்டிக்கொடுத்தார். “பயப்படாதீங்க. வெளியூர்க்காரர், மாப்பிள்ளைக்குப் பின்னாடிதான் உங்க முறை.”

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, நிற்பதற்கு இடம் கொடுத்துக் கொஞ்சம் நகர்ந்து நின்றது.